வேண்டாம், இருக்கட்டும்!

பூந்தமல்லியில் எங்கள் பெரியம்மா வீடு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அம்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிப் போவோம். கிளம்புவதற்கு முன்னால் வாசல்படியில் அம்மா ஓர் ஆலோசனைக் கூட்டம் நடத்துவாள். நிகழ்ச்சி நிரலில் ஒரே ஒரு விஷயம்தான்.

"அங்கே போய் யாரும் எதையும் கேக்கக் கூடாது. பெரியம்மா முறுக்கு குடுத்தா 'வேண்டாம், இருக்கட்டும்'னு சொல்லணும். திரும்பக் குடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்லணும். மூணாவது தடவை குடுத்தா என் மூஞ்சியைப் பாக்கணும்."

அந்த மூன்றாவது தடவைதான் வாழ்வா சாவா கட்டம். அம்மா பெரியம்மாவோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பாள். ஆனால் கடைக்கண் மட்டும் எங்கள் பக்கம். இமை ஒருமுறை தாழ்ந்தால் 'எடுத்துக்கோ'. புருவம் ஒரு நூல் உயர்ந்தால் 'தொட்டே, வீட்டுக்குப் போனதும் இருக்கு உனக்கு'. ராணுவ ரகசியக் குறியீடுகள்கூட இவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது. என் தம்பிக்கு மட்டும் இந்தப் பாஷை கடைசிவரை பிடிபடவே இல்லை. ஒருமுறை, "வேண்டாம் பெரியம்மா, இருக்கட்டும். அந்த ஓரத்துல இருக்கே, அந்தப் பெரிசு, அது மட்டும்" என்று சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா யாரோடும் பேசவில்லை.

உறவில் இரண்டோடு நிறுத்திவிடும் அத்தை ஒருத்தியும் இருந்தாள். 'வேண்டாமா? சரி' என்று தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகை தாங்காது.

இப்போது என் பேரன் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும்போதே, "ஆன்ட்டி, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்கிறான். பிஸ்கட் வைத்தால், "வேற ஏதாவது இருக்கா?" சில வீடுகளில் நேரே போய் ஃபிரிட்ஜையே திறந்துவிடுகிறான். அவர்களும், "பாருங்க, எவ்வளவு ஃப்ரீயா பழகறான்!" என்று பூரித்துப் போகிறார்கள். பொய்யாக 'வேண்டாம்' சொல்லி எச்சிலை விழுங்கிய எங்களைவிட இவன் யோக்கியன்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல்லையே நாக்கு பழகவில்லை என்றால், நிஜமாகவே வேண்டாத ஒன்று எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வான் என்பதுதான் என் கவலை.

'அந்தக் காலத்து மனுஷன் வேறு, இந்தக் காலத்து மனுஷன் வேறு, நாட்டின் குணமே மாறிப் போச்சு' என்று பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது எங்கள் வயதுக்காரர்களின் தேசியப் பொழுதுபோக்கு. நானும் அந்தப் பெஞ்சில் ஓரமாக உட்காருகிறவன்தான். ஆனால் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்தக் காலத்து மனுஷன் இவ்வளவு அடக்கமாக இருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், வாங்குவதற்கு ஒன்றும் இல்லை!

நாங்கள் இருப்பது சரித்திரப் புகழ் பெற்ற பிரதேசம், தெரியுமோ? 1955 ஜனவரியில் ஆவடியில்தான் காங்கிரஸ் மகாநாடு நடந்தது. யு.என். தேபர் தலைமை. நேரு வந்திருந்தார். காமராஜர் அப்போது முதலமைச்சர். 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது அங்கேதான். எங்கள் அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "எல்லாரும் ஒரே க்யூவுல நிக்கறதுதாண்டா சோஷலிசம்." அவர் கிண்டலாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

க்யூ என்றால் அப்படியொரு க்யூ. ரேஷனுக்கு க்யூ, மண்ணெண்ணெய்க்கு க்யூ. டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. காஸ் கனெக்‌ஷன் வந்துவிட்டால் தெருவே வேடிக்கை பார்க்க வரும். என் மாமா ஒருவர் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். வண்டி வந்து சேர்ந்தபோது மாமாவுக்கு மூட்டு வலி. அவர் பின் சீட்டில் உட்கார, அன்று அரை டிராயர் போட்டிருந்த பையன் பேன்ட் போட்டு ஓட்டினான்.

அப்பா 1950-களின் கடைசியில் அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் அவர் கைபட்டு வெளியே போயின. அவருக்கென்று ஒரு சைக்கிள் வர ஏழு வருஷம் ஆயிற்று. கேட்டால், "இப்போ என்ன அவசரம்? கால் இருக்கே" என்பார். இது வறுமையா, அடக்கமா? இரண்டும் கலந்ததுதான். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பால்காரரால் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஆனால் வெறும் தட்டுப்பாடுதான் என்று தள்ளிவிடவும் மனசு வரவில்லை. 1962-ல் சீனா படையெடுத்தபோது தேசப் பாதுகாப்பு நிதிக்காகப் பெண்கள் கையில் கிடந்த வளையலையும் காதில் கிடந்ததையும் கழற்றிக் கொடுத்தார்கள். நம்ம ஊர்ப் பெண்கள் தங்கத்தைக் கழற்றிக் கொடுப்பதாவது! கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய், 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். பாவம், பொற்கொல்லர்கள் பிழைப்பு போய்த் தவித்தார்கள். பலர் உயிரையே விட்டார்கள். ஜனங்களுக்குத் தங்க ஆசை போயிற்றா? ஒரு குந்துமணி அளவுகூடப் போகவில்லை. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். 1990-ல் அவர்களே ரத்து செய்தார்கள். 'கொடு' என்று கேட்டால் அள்ளிக் கொடுத்தவர்கள், 'போடாதே' என்று உத்தரவு போட்டால் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். நம் ஜனங்களின் குணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

கேட்டுக் கொடுத்ததில் என் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. 1965. பாகிஸ்தானோடு யுத்தம், உணவுத் தட்டுப்பாடு வேறு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசினார். வாரத்தில் ஒரு வேளை, திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் முதலில் கடைப்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாட்டைக் கேட்டார் என்று சொல்வார்கள். நாடு முழுக்க எத்தனையோ ஓட்டல்கள் திங்கள் ராத்திரி அடுப்பை அணைத்தன.

நாங்கள் அப்போது அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஏழு குடித்தனம், ஒரு கிணறு. திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் எந்த வீட்டிலும் புகை வராது. குழந்தைகளுக்கு மட்டும் மத்தியானச் சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுப்பார்கள். ஆண்கள் எல்லோரும் வெளியே கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்து சண்டைச் செய்திகளை அலசுவார்கள். ஆவடி டாங்க் ஃபாக்டரியில் விஜயந்தா டாங்கி தயாராகிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் லைன் வீட்டு ஆண்கள் பேசுவதைக் கேட்டால் டாங்கியைப் பாதி இவர்களே முடுக்கிய மாதிரி இருக்கும். பசியோடு இருந்த முகம் ஒன்றையும் நான் பார்த்ததாக நினைவில்லை. அப்பா சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "ஜெய் ஜவான்!" என்பார். நாங்கள் "ஜெய் கிசான்!" என்போம்.

இந்தக் கட்டுரையை இங்கே வரைக்கும் எழுதி என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாராட்டு வரும் என்று பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"அது சரி, உங்கம்மா திங்கட்கிழமை ராத்திரி என்ன பண்ணினாங்க?"

"அவங்களும் சாப்பிடல."

"செவ்வாய்க்கிழமை?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"உங்கம்மா என்கிட்ட சொல்லியிருக்காங்க. எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தா சாப்பாடு, இல்லேன்னா மோர். வாரம் பூரா அப்படித்தான். சாஸ்திரி ரேடியோவுல பேசறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஏழு நாளும் திங்கட்கிழமைதான். அடக்கம் அடக்கம்னு எழுதறீங்களே, யாரு அடங்கினாங்கன்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். கிரைண்டர் வேண்டும் என்று அம்மா வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை. ஆட்டுக்கல்லில் அரைத்து அரைத்து அவள் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கும். எங்கள் வீட்டின் 'சிக்கனம்' என்று நான் பெருமையடித்துக்கொள்வதில் பாதிக்கு மேல் அந்தத் தோளிலிருந்து எடுத்தது. அப்பா பீடியை விடவில்லை. மாதம் ஒரு சினிமாவையும் விடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

மிச்சப் பாதி? அது ஊருடையது. இதை நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தது மாதிரி சொல்கிறேன். உண்மையில் ஒரு சங்கு சத்தம் நின்றுபோனபோதுதான் உறைத்தது.

1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பாடியிலிருந்து ஆவடி வரை ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள். காலையில் சங்கு ஊதினால் தெரு எழுந்திருக்கும். ராத்திரி ஷிப்டு சங்கு ஊதினால் விளக்கு அணையும். எட்டரை மணிக்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் கடையே கிடையாது. நாடார் கடைப் பலகையை வரிசையாகப் போட்டு, குறுக்கே இரும்புப் பட்டையை மாட்டிவிடுவார். அதோடு ஆசைகளுக்கும் பூட்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. நாங்கள் புலனடக்கம் கற்றவர்கள் என்பதாலா? பலகை போட்டாயிற்று, அவ்வளவுதான்!

கடன் மட்டும் அந்தக் காலத்தில் இல்லையா என்ன? மளிகைக் கடையில் நோட்டு, சேட்டுக் கடையில் மோதிரம், பால்காரரிடம் பாக்கி, ஏலச்சீட்டு. எல்லாம் இருந்தது. ஆனால் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. நாலு பேர் நிற்கும்போது கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "போன மாசத்ததே நிக்குதே அண்ணே" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து எத்தனையோ வீடுகளில் முந்திரிப் பருப்பு இல்லாமலே பாயசம் வைத்தார்கள். வெட்கம் என்பது வட்டி போடாத, ஆனால் கண்டிப்பான காவல்காரன்.

குடியையும் அப்படித்தான் காவல் காத்தார்கள். 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்து, 1948-க்குள் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1971 வரை, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், கடை என்று வெளிப்படையாக ஒன்று கிடையாது. திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள் குடித்தார்கள். அதற்கும் இருட்டில் ஏரி ஓரமாக இரண்டு மைல் நடக்க வேண்டும். 2003-லிருந்து சில்லறைக் கடையை அரசாங்கமே நடத்துகிறது. வருஷத்துக்கு 40,000 கோடிக்கு மேல் வருமானம். விற்பதும் அவர்களே, 'குடிக்காதே' என்று பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டுவதும் அவர்களே. அந்தக் கையளவு லேபிளை நம்பி, பலகை போடும் வேலை முழுவதையும் குடிக்கிறவனிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

இப்படித்தான் ஒவ்வொரு காவலும் வீட்டுக்குப் போயிற்று. சங்கு நின்றது. தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த பல இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்து, உள்ளே அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்துக்கு நம் பிள்ளைகளும் விழித்திருக்கிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ராத்திரி ஒரு மணிக்கும் பிரியாணி கிடைக்கிறது. போய் வாங்கக்கூட வேண்டாம். தலையணைக்குப் பக்கத்திலேயே கடை இருக்கிறது. பலகை இல்லாத கடை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடி பரிவர்த்தனையைத் தாண்டிவிட்டது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரலுக்கு ஒரு சின்ன வலி இருந்ததே, கவனித்திருக்கிறீர்களா? கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் அந்த வலியே தெரிவதில்லை.

புள்ளிவிவரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2020-21-ல் நம் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல். ஆஹா, எவ்வளவு அடக்கமான ஜனங்கள்! அந்த வருஷம் என்ன? கொரோனா. கடையெல்லாம் மூடியிருந்தது. கடை திறந்த பிறகு 2022-23-ல் அதே கணக்கு 5 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் இப்படி இறங்கியதில்லை என்றார்கள். வீடு வாங்கக் கடன் வாங்கியதும் இதில் கழிகிறது, எல்லாமே ஊதாரித்தனம் இல்லை என்று என் வங்கி நண்பர் வாதாடுகிறார். சரிதான். இருந்தாலும், இரண்டு வருஷத்தில் ஒரு நாட்டு ஜனங்களின் குணம் மாறிவிடாது. பலகைதான் மாறியது.

நாக்கு மட்டுமா, காதும்தான். அரக்கோணம் லைன் எலெக்ட்ரிக் டிரெயினில் ஏறிப் பாருங்கள். முன்பெல்லாம் வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் ஒரு கோஷ்டி சீட்டு விளையாடும், ஒரு கோஷ்டி பஜனை பாடும். சத்தம் இருந்தது, ஆனால் ஒரு சத்தம். இன்று ஒரே பெஞ்சில் நாலு பேர் நாலு போனில் நாலு வீடியோ, ஹெட்போன் இல்லாமல். 'கொஞ்சம் குறைச்சுக்கப்பா' என்றேன் ஒருவரிடம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு புள்ளி குறைத்தார். பட்டரவாக்கத்தில் இரண்டு புள்ளி கூட்டினார்.

சத்தத்தையாவது எழுந்து போய்த் தப்பிக்கலாம். எழுந்து போக முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வெல்டராக 34 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஒரே பையன். தொழிற்பேட்டைக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை, கைநிறையச் சம்பளம். போன வருஷம் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன். பழக்கமில்லாத குரல், பாதி இந்தி, பாதி தமிழ். எதிர்வீட்டுப் பையன் பெயரைச் சொல்லி, "அவன் கடன் வாங்கியிருக்கான், உன் நம்பர் இருக்கு, நீ கட்டு" என்கிறது. நான் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அதே போன் வந்திருப்பது தெரிந்தது. அதில் சிலருக்கு அந்தப் பையனின் படத்தை அசிங்கமாக ஒட்டுவேலை செய்து அனுப்பியிருந்தார்கள்.

லோன் ஆப். ஏழு நாளைக்கு எட்டாயிரம் ரூபாய். கையில் வந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அதை அடைக்க இன்னொரு ஆப். அதை அடைக்க இன்னொன்று. பதினான்கு ஆப்பில் வந்து நின்றபோது மொத்தம் மூன்றரை லட்சத்துக்கு மேல். இந்த மாதிரிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதிகள் போட்டிருக்கிறது. ஆனால் விதிக்குக் கட்டுப்பட்டவன் ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்தவன் வீட்டுக்கு போன் செய்ய மாட்டானே! 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுக்கச் சொன்னேன். ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமும் 2022-லிருந்து இருக்கிறது. பையன் தலையை நிமிர்த்தவில்லை. அவன் அப்பாதான் போனார், நானும் கூடப் போனேன்.

எதற்காக வாங்கினான்? சீட்டாட்டம், குடி என்று ஏதாவது இருக்கும் என்றுதான் தெருவே பேசியது. அதெல்லாம் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பையனின் போனை என்னிடம் கொடுத்து, "நீங்களே பாருங்கண்ணே" என்றார். ராத்திரிச் சாப்பாடு 340. ஷூ. நண்பன் பிறந்தநாள். பாண்டிச்சேரி. சாப்பாடு 280. ஏதோ சந்தா. சாப்பாடு 410. காதுக்கு மாட்டும் ஏதோ ஒன்று. சாப்பாடு. பெரிய பொருள் என்று ஒன்றுகூட இல்லை. மூன்றரை லட்சத்துக்குச் சாட்சியாக அந்த வீட்டில் தேடினால் ஒரு ஜோடி ஷூதான் கிடைக்கும்.

எதிர்வீட்டுக்காரர் தன் பென்ஷன் பணத்தில் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை உடைத்து, கட்ட வேண்டியதைக் கட்டினார். வங்கியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

"அண்ணனூர்லேருந்து ஃபாக்டரிக்கு டிரெயின் இருக்கும். அந்தக் காசை மிச்சம் பிடிக்கறதுக்கு சைக்கிள்ல போனவன் நான். மழையில, வெயில்ல, எல்லாத்துலயும். அந்த சைக்கிளுக்கே ரெண்டு வருஷம் சீட்டு கட்டினேன். இவன் ஆறாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டான். மறுநாளே வாங்கிட்டேன். போன் கேட்டான், அந்த வாரமே. நான் காத்துக்கிட்டு நின்ன மாதிரி என் பையன் ஒரு இடத்துலயும் நிக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு வெறி. அவனைக் காக்க வெக்கறது பாவம்னு நெனச்சேன், அண்ணே."

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருத்தர் மட்டுமா அப்படி நினைத்தார்? லைன் வீட்டில் மோர்ச் சோறு குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறை முழுக்க ஒரு சத்தியம் செய்துகொண்டது, நாம் பட்டது போதும், பிள்ளைகள் படக் கூடாது என்று. எங்கள் அடக்கம் காணாமல் போகவில்லை. யாரும் திருடிக்கொண்டும் போகவில்லை. அதன் விலை என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள். அம்மாவின் தோளைப் பார்த்தவர்கள். தெரிந்தேதான் அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காமல் பரணில் ஏற்றினோம். அந்த முடிவில் பாசம் இருந்தது. 'டி.வி. கெடுத்தது, செல்போன் கெடுத்தது, மேல்நாட்டு நாகரிகம் கெடுத்தது' என்று பெஞ்சில் பேசும்போது இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

என் மனைவிதான் பேசினாள். "பாவம் ஒண்ணுமில்லே தம்பி. அவனைத் திட்டாதீங்க, அடிக்காதீங்க. ஆனா பணத்தைச் சும்மா விட்டுடாதீங்க. மாசா மாசம் திருப்பித் தரச் சொல்லுங்க. வட்டி வேணாம், அசல் மட்டும்."

"அப்பாகிட்ட கடன்னு எப்படிக்கா?"

"வேற யாருகிட்டயோ வாங்கினானே, அதுக்கு இது பரவாயில்லையே?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துவிட்டார். ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

இப்போது அந்த வீட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. மாதம் பதினைந்தாயிரம் தவணை, இரண்டு வருஷம். பதினொரு தவணை முடிந்திருக்கிறது. இதைத் தவிர இன்னொரு ஏற்பாடு, பையனே கேட்டுக்கொண்டானாம். சம்பளக் கார்டு அப்பாவிடம். மாதம் முதல் தேதி கைச்செலவுக்கு ரொக்கமாகக் கவரில் வாங்கிக்கொள்கிறான். 29 வயசு, டீம் லீடர், கீழே எட்டுப் பேர். பர்ஸில் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். செலவை அவன் கையாலேயே நோட்டில் எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஒரே நிபந்தனை.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வந்து காட்டினார் எதிர்வீட்டுக்காரர். டீ 12. பஸ். டீ 12. முடிவெட்டு. வெள்ளிக்கிழமைக்கு நேரே 'பரோட்டா 2' என்று எழுதி, அதை அடித்து, '3' என்று திருத்தியிருந்தது.